ஆள் பலம்

அன்புள்ள ஐயா,

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை. என் மகளும் எதிர்வீட்டு வங்கி அதிகாரியின் மகனும் ஏறக்குறைய ஒரே கட்-ஆஃப். அவன் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். எங்களிடம் மே மாதமே ஒருவர் வீடு தேடி வந்து 'இடம் போய்விடும்' என்றார். முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தோம். படித்தவர்களுக்கு ஆள் பலம், சிபாரிசு. இதை எழுத மாட்டீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிபாரிசு நடந்திருக்க வாய்ப்பில்லை. கலந்தாய்வில் தரவரிசைதான் பேசும். நாம் கொடுக்கும் விருப்பப் பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி ஒதுக்கிவிடும். ஆள் பலம் வேலை செய்தது அதற்கு முன்னால். "மே மாதம் எவனுக்கும் பணம் கட்டாதே, போன வருடம் இந்தக் கட்-ஆஃபுக்கு எது கிடைத்தது என்று பார், பட்டியலை நீளமாகப் போடு" என்று அந்த வங்கி அதிகாரியிடம் ஒரு சகலையோ சக ஊழியரோ சொல்லியிருப்பார்.

எனக்கு உறுத்துவது வேறு. முதல் பட்டதாரிச் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கியிருந்தால் உங்கள் பெண்ணுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்திருக்கும். ஆனால் அது கலந்தாய்வு வழியே சேர்ந்தவர்களுக்கு மட்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. வீடு தேடி வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் கமிஷன் போய்விடுமே!

பெற்றோர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்துவது குறையும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1988இல் வாதிட்டார். அது உங்கள் தெருவில் ஏற்கெனவே உண்டு. பையன் பள்ளிக்கு மட்டம் போட்டால் மாலைக்குள் தறிக்கூடத்துக்குச் செய்தி வந்துவிடும். பிளஸ் டூ வரைக்கும் அது காக்கும். அதற்கு மேல் போதாது, ஏனென்றால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றேதான். வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வந்தது என்று 1973இல் இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதினார். கல்லூரிக்கும் அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

அந்த அறிமுகம் உங்களுக்கு எதிர்வீட்டிலேயே இருக்கிறது. கோபம் இருக்கட்டும், பாதகமில்லை. தெருவில் அடுத்து பிளஸ் டூ எழுதும் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஏப்ரலிலேயே அவரிடம் போய்க் கேளுங்கள். மே வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.