பிக்கப் வண்டியின் மைலேஜ் குறைந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிக்கப் வண்டி ஆறு மாதமாக டீசலை அதிகம் குடிக்கிறது, மைலேஜைக் கூட்டும் கருவி எதையாவது பொருத்தலாமா, பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. உங்களுக்கு வந்த பதில்களில் ஒருவர், பிக்கப் வாங்கியவன் மைலேஜ் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறார். என் காதில் பல முறை விழுந்த பேச்சு அது. சுமை ஏற்றிப் பிழைப்பவனுக்கு எரிபொருள்தான் முதல் செலவு. அவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

உங்கள் வண்டியும் என்னுடையதைப் போலப் பல ஆண்டுகள் ஓடிய டீசல் வண்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் வண்டி லிட்டருக்கு 12.4 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. அது சிறிது சிறிதாக இறங்கி 9.8க்கு வந்து நின்றது. ஒர்க்‌ஷாப்பில் டீசல் வடிகட்டியை மாற்றினார்கள், இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள். இரண்டாம் முறை போனபோது, வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு முறையும் ஒரு சக்கரத்தைக்கூட அவர்கள் தரையிலிருந்து தூக்கிப் பார்க்கவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை; எப்படித் தீரும் என்பதைக் கீழே படித்தால் உங்களுக்கே புரியும்.

அந்தச் சோர்வில்தான், டீசல் குழாயைச் சுற்றி மாட்டும் காந்தக் கருவி ஒன்றை வாங்கினேன். மாட்டிய முதல் டேங்கில் 10.9 வந்தது; மகிழ்ந்துபோய் நண்பர்களுக்கெல்லாம் சொன்னேன். அடுத்த டேங்கில் 9.5, அதற்கடுத்ததில் 9.9. பம்பின் முனை சில நேரம் முன்னதாகவே நின்றுவிடும், வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் டேங்க் நிரம்பும் அளவு மாறும் என்பதால், ஒரே ஒரு டேங்கை வைத்துக் கிடைக்கும் கணக்கை நம்பவே முடியாது. அன்றிலிருந்து ஒரே பம்பில், ஒரே திசையில் வண்டியை நிறுத்தி, முனை தானாக நின்றதும் மேலும் ஊற்றாமல், மூன்று டேங்க்குகளின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்துத்தான் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட கருவிகளில் 100க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் கருவி எதையும் காணவில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன்.

கணக்கு எழுதத் தொடங்கியதும் வேறொரு உண்மை வெளிப்பட்டது. மைலேஜ் குறையத் தொடங்கிய அதே காலத்தில்தான் நான் டயர்களை மாற்றியிருந்தேன். புதியவை பழையவற்றைவிடச் சற்று உயரமானவை. உயரமான டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும், ஆனால் ஓடோமீட்டர் சுற்றுகளை மட்டுமே எண்ணும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். 50 கிலோமீட்டர் கடந்தபோது ஓடோமீட்டர் 48தான் காட்டியது. ஆகவே நான் 9.8 என்று எழுதி வைத்தது உண்மையில் 10.2. கனமான டயர் உண்மையாகவே கொஞ்சம் டீசலைத் தின்னும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் நான் இழந்ததாக நினைத்ததில் ஒரு பங்கு கணக்குப் பிழை.

மீதியைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். பிரேக்கை அதிகம் மிதிக்கத் தேவையில்லாத நேர்ச்சாலையில் இருபது கிலோமீட்டர் போல ஓட்டி வந்து நிறுத்திவிட்டு இறங்கி நடந்தபோது, பின்பக்க வலச் சக்கரத்தருகே ஏதோ கருகுவது போன்ற வாடை வந்தது. குனிந்து, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோனேன். தொடாமலேயே உள்ளங்கையில் வெப்பம் அடித்தது. இடச் சக்கரத்தில் கையை வைத்தே பார்க்க முடிந்தது, வெதுவெதுப்புக்கு மேல் இல்லை. மறுநாள் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன்; அரைச் சுற்றுகூடப் போகாமல் உராயும் ஒலியோடு நின்றது. டிரம்மைக் கழற்றியபோது, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ கண்ணாடிபோல் பளபளத்துப் போயிருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்து, கைப்பிடியை இறக்கிய பிறகும் முழுதாகத் திரும்பாமல் ஷூவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனை மாதங்களும் பிரேக்கைப் பாதி பிடித்தபடியே சுமை ஏற்றி ஓட்டியிருக்கிறேன்.

கேபிளையும் ஷூக்களையும் மாற்றிய அன்றே, எஞ்சின் சூடாகும்வரை குளிர்நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன். வெப்பமானி முள் எப்போதும் கால் பங்குக்குக் கீழேயே நின்றதை, எஞ்சின் நன்றாகக் குளிர்கிறது என்று எண்ணி நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வண்டிக் கணினியின் அளவுகளைப் படிக்க உதவும் ஓபிடி சொருகியில் சிறிய படிப்பானை மாட்டிப் பார்த்தபோது, நெடுஞ்சாலையில் குளிர்நீர் 68 டிகிரியைத் தாண்டவே இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தால், எஞ்சின் சூடாகும் முன்பே நீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துவிடும். ஆயில் தடிப்பாகவே இருக்கும், உராய்வு கூடும், கட்டுப்பாட்டுக் கணினியும் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கருதியே எரிபொருளை அளக்கும். புதியதைப் போட்ட பிறகு 88 டிகிரியில் நிலையாக நின்றது.

இரண்டு வேலைகளுக்கும் பிறகு, ஓடோமீட்டர் பிழையைத் திருத்திய கணக்கில் 11.9 வந்தது. இரண்டையும் ஒரே நாளில் செய்ததால் பிரேக்குக்கு எவ்வளவு, தெர்மோஸ்டாட்டுக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பின்கதவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு மாதம் அதை இறக்கிவிட்டே ஓட்டினேன், கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. கதவு மூடியிருக்கும்போது சுமை ஏற்றும் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போய்விடும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் குலைந்துவிடும். கதவு காற்றைத் தடுக்கிறது என்று பார்வைக்குத் தோன்றினாலும், காற்றுச் சுரங்கச் சோதனைகள் அதற்கு எதிராகவே சொல்கின்றன. தொட்டியின் மேல் இறுக்கமான மூடி போட்டால் நெடுஞ்சாலையில் சிறிதளவு பலன் உண்டு, ஆனால் மூடிக்குக் கொடுத்த பணத்தை அது விரைவில் மீட்டுத் தராது.

வேகம் அப்படியல்ல. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், 90இல் போவதைவிட 110இல் போகும்போது அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. முகப்பு உயர்ந்து நிற்கும் பிக்கப்பில் இதன் சுமை காரைவிட அதிகம். நான் 90க்கு இறங்கினேன். நேரத்துக்கும் விலை உண்டு என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டையிட மாட்டேன். அவரவர் தொழில் அவரவருக்குத் தெரியும். தொட்டியில் வெறுமனே கிடந்த சங்கிலி, பழைய பேட்டரி, விரிப்புக்கடியில் ஈரமாய்ப் படிந்திருந்த மணல் எல்லாவற்றையும் இறக்கி எடை போட்டேன், 140 கிலோ இருந்தது. 45 கிலோ கூடினால் மைலேஜ் 1 விழுக்காடு போல் குறையும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு; கனமான வண்டியில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். டயர் காற்றில் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைந்தால் 0.2 விழுக்காடு போகும் என்பதும் அதே கணக்குத்தான். இவற்றையும் சரிசெய்த பிறகு 12.6க்கு வந்தேன், இன்றும் அங்கேயே நிற்கிறது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்லும் ஓட்டுநர்களின் பேச்சை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணினிக் கட்டுப்பாடுள்ள எஞ்சின் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்கவே எரிபொருள் வேண்டும். சுமையோடு இறங்கும்போது எஞ்சின் பிடிப்பும் இல்லாமல் போய், மொத்தப் பாரமும் பிரேக்கின்மேல் விழும்.

நான் மெக்கானிக் அல்ல; உங்கள் வண்டியின் கோளாறு வேறாகவும் இருக்கலாம். ஆனால் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை: காலையில் காலி வண்டியை நேர்ச்சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள், கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்துங்கள், உடனே இறங்கி நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் கை படாமல் வெப்பத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சக்கரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.