விக்டோரியா பார்க்கில் வலசைப் பறவைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நுவரெலியா விக்டோரியா பார்க்கைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, ஏப்ரல் சீசனுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். பறவை பார்க்கலாமா?

என்னைக் கேட்டால் மார்ச்சிலேயே வந்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து வந்தவையெல்லாம் மார்ச் கடைசியிலிருந்து கிளம்பத் தொடங்கிவிடும். ஏப்ரலில் மிச்சம் இருப்பதைப் பார்க்கவும் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று வருகிற சனம் விடாது.

பகல் முழுக்க ரோஜாப் பாத்திப் பக்கம் சுற்றினேன். காகமும் கொண்டைக்குருவியும்தான் கிடைத்தன.

பூப்பாத்தியை விடுங்கள். பார்க்குக்குள்ளே ஓடுகிறதே ஓர் ஓடை, அதன் கரைக்குப் போங்கள். குப்பை ஒதுங்கி, வாடையடித்து, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்தப் புதர் மூலைதான் நல்ல இடம். ஈரச் சருகுக்குள்ளே புழு பூச்சி அங்கேதான் இருக்கிறது. இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிற பைட் த்ரஷ் பறவை அங்கே தரையில் சருகைப் புரட்டும். ஆண் கறுப்பு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், மஞ்சள் அலகு, பெண் பழுப்பு. கேட் திறந்தவுடனோ மாலை 4 மணிக்குப் பிறகோ போய், நடக்காமல் ஒரே இடத்தில் நில்லுங்கள். நடந்தால் அது வெளியே வராது.

காஷ்மீர் ஈப்பிடிப்பானை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செங்கல் நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை. அந்தக் கரைதான் முக்கியம். பெண்ணை நிறத்தை வைத்துப் பிடிப்பது கஷ்டம், வாலை வெடுக்கென்று தூக்குவதைக் கவனியுங்கள். காஷ்மீர்ப் பக்கத்து மலைகளில் கூடுகட்டி, குளிர்காலத்துக்கு நம் மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருகிற, அழிவு அபாயப் பட்டியலில் உள்ள பறவை இது. இதைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள், நம் ஆட்கள் நேரே கிரகரி ஏரிக்குப் படகு ஓட்டப் போய்விடுகிறார்கள்!

போனில் அதன் குரலைப் போட்டு வரவைக்கலாமா?

வேண்டாம் தம்பி. நீண்ட பயணத்துக்கு முன்னால் தின்று கொழுப்புச் சேர்க்கிற நேரம் இது. போன் குரலை இன்னொரு பறவை என்று நம்பி, இல்லாத எதிரியைத் தேடி அலையவிட்டால் தின்பது எப்போது?

நான் தலவாக்கலைத் தோட்டத்தில் இருக்கிறேன், பைனாகுலரும் இல்லை.

தங்கச்சி, உங்களுக்குப் பார்க்கே தேவையில்லை. ஓடைக்கல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டுகிற, வயிறு மஞ்சளான சாம்பல் வாலாட்டி வெறுங்கண்ணுக்கே தெரியும். மர நிழலில் ஒன்று வாலைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது கொடிக்கால் வாலாட்டி. விடியலிலும் பொழுது சாயும்போதும் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் கேட்டால் ஆறுமணிக்குருவி. அதைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் சுலபம்.

பக்கத்திலுள்ள ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும் போகலாமா?

போங்கள், ஆனால் அங்கே நம் நாட்டுக்கே உரிய பறவைகளைத் தேடுங்கள், முதலில் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் ஹக்கல, மாலையில் பார்க்.