டொமைன் பெயர் இல்லாமல் ஐபி எண்ணுக்கே மெயில் அனுப்ப முடியுமா?

முடியும், நானே அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குத் திரும்பி வந்துவிட்டதென்றால், அனேகமாக @ குறிக்குப் பின்னால் எண்ணை அப்படியே போட்டிருப்பீர்கள். சதுர அடைப்பு வேண்டும்: குமார்@[192.0.2.25], இப்படி. அடைப்பு இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) அதை முகவரியாகவே மதிக்காது. ஐபிவி6 என்றால் அடைப்புக்குள் எண்ணுக்கு முன்னால் ‘ஐபிவி6:’ என்றும் சேர்க்க வேண்டும். ‘இதெல்லாம் குறுக்கு வழி’ என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். மெயில் அனுப்பும் விதிகளைச் சொல்லும் இணையத் தர ஆவணமான, 1982-இல் வந்த ஆர்எஃப்சி 821-லேயே இந்த வடிவம் இருக்கிறது, 2008-இல் வந்த 5321-லும் இருக்கிறது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள் (நான் இல்லை, பில் கணக்குப் பிரிவு மேசையில் மூன்று வாரம் கிடந்தது). திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் வெளியிலிருந்து ஒரு மெயிலும் இல்லை. சர்வர் ஜம்மென்று ஓடுகிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஐபிக்கு அனுப்பினால், டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தேடும் வேலையே இல்லை, நேராக சர்வரின் மெயில் வாசலான 25-ஆம் போர்ட்டில் போய்க் கதவைத் தட்டும். சரி என்று கிளை அலுவலக சர்வரிலிருந்து ஒன்று அனுப்பினேன். ‘554 5.7.1 ரிலே ஆக்சஸ் டினைட்’, அதாவது ‘இது என் முகவரி இல்லை, வேறிடத்துக்குக் கடத்தவும் மாட்டேன்’ என்று மறுத்துவிட்டது.

அரை மணி நேரம் முழித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது, அதற்குத் தெரிந்ததெல்லாம் 10-இல் தொடங்கும் உள் ஐபி மட்டும்தான், வெளி ஐபியும் தன்னுடையதுதான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ப்ராக்ஸி இன்டர்ஃபேசஸ்’ வரியில் அந்த வெளி ஐபியைப் போட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்ததும் கிளை சர்வரின் லாகில் 250, அதாவது ‘ஏற்றுக்கொண்டேன்’, வந்தது. அதுவும் சர்வரிலேயே யூசர் கணக்கு இருந்தவர்களுக்குத்தான் போனது. டொமைன் திரும்பும்வரை இரண்டு நாள் கிளையின் ரிப்போர்ட் எல்லாம் இப்படித்தான் வந்தது. பாராட்டு பில் கட்டியவருக்கு, அது வேறு கதை.

உங்கள் கைவசம் இருக்கும் இரண்டு சர்வர்களுக்கு நடுவே என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வெளியாட்களுக்கு அனுப்ப இதை நம்பாதீர்கள், எக்ஸிம் மாதிரி சர்வர்கள் இயல்பாகவே இதை அணைத்து வைத்திருக்கின்றன.

இணையதளப் படிவங்களில் இந்த முகவரியைப் போட்டால் ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் கத்தும். அதே படிவங்கள்தான் ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்றும் உயிரை எடுக்கும். அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டால் குறைந்தது இரண்டெழுத்து வேண்டுமாம். ஒரு கணக்கில் இன்றுவரை நான் முருகன் முருகன்.