விந்தணு ஆன்டிபாடி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

விந்தணுவை அந்நியமாக நினைத்து உடம்பே உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்தான் விந்தணு ஆன்டிபாடி. விந்துப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர்.

கேள்வி: என் உடம்பில் உருவாகும் விந்தணுவையே என் உடம்பு எப்படி எதிர்க்கும்?

பதில்: விந்தணு உருவாகத் தொடங்குவது பருவ வயதில். உடம்புக்குச் சொந்தமானது எது, அந்நியம் எது என்று நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு வெகு முன்பே பிரித்துப் பழகியிருக்கும். அதனால் விந்தணுவை அது அந்நியமாகத்தான் பார்க்கும். இந்த மோதல் வராமலிருக்க, விரைக்குள் வளரும் விந்தணுவுக்குத் துணைநிற்கும் செர்டோலி செல்கள் நெருக்கமாகப் பிணைந்து, ரத்தத்தின் கண்ணில் படாமல் விந்தணுவை மறைத்து வைக்கின்றன. அடிபடுதல், விரை முறுக்கிக்கொள்ளுதல், தொற்று, ஆபரேஷன், குழாய் அடைப்பு என ஏதாவது ஒன்றால் அந்த மறைப்பு குலைந்தால் ஆன்டிபாடி உருவாகலாம்.

கேள்வி: வாசக்டமி (விந்துக் குழாயை வெட்டும் ஆண் கருத்தடை ஆபரேஷன்) செய்து, பிறகு குழாயைத் திரும்ப இணைத்துக்கொண்டேன். இன்னும் குழந்தை இல்லை. ஆன்டிபாடிதான் காரணமா?

பதில்: வாசக்டமி செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருக்கும். அப்படியிருந்தும் இணைப்புக்குப் பிறகு பலருக்குக் குழந்தை பிறக்கிறது. முதலில் இணைத்த இடம் மறுபடி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கணவருக்குக் கவுண்ட் (விந்தணு எண்ணிக்கை), மோட்டிலிட்டி (நீந்தும் திறன்) எல்லாம் நார்மல். 'மார் டெஸ்ட் 62%, ஐஜிஏ' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா அண்ணா?

பதில்: பயம் வேண்டாம்மா, ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய எண்ணும் இல்லை. விந்தணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் மார் டெஸ்ட்; ஐஜிஏ என்பது ஆன்டிபாடியில் ஒரு வகை. இந்த டெஸ்டில் விந்துத் துளியோடு பொடிப்பொடியான லேடெக்ஸ் மணிகளைக் கலப்போம். ஆன்டிபாடி ஒட்டிய விந்தணு மணியையும் இழுத்துக்கொண்டே நீந்தும். மைக்ரோஸ்கோப்பில் அது தெளிவாகத் தெரியும். நீந்துகிற விந்தணுக்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ மணி ஒட்டியிருந்தால்தான் பொதுவாகக் கணக்கில் எடுப்போம்.

எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் கேளுங்கள். வால் நுனியில் மட்டும் என்றால் பெரிதாகக் கவலையில்லை. தலையில் என்றால், கருமுட்டையின் உறையோடு பிணைவதும் உள்ளே நுழைவதும் தடைப்படலாம். ஐஜிஏ வகைக்கு இன்னொரு குணம் உண்டு. கர்ப்பப்பை வாய்ச் சளியில் விந்தணுவை மாட்டவைத்துவிடும். வால் ஆடிக்கொண்டே இருக்கும், ஆள் நகரமாட்டார்! நார்மல் மோட்டிலிட்டியோடு கரு தங்காமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மனைவியான எனக்கு ரத்தத்தில் விந்தணு ஆன்டிபாடி பாசிட்டிவ். கணவரை ஆறு மாதம் காண்டம் போடச் சொல்கிறார்கள்.

பதில்: விந்தணு படாமலிருந்தால் ஆன்டிபாடி குறையும் என்ற பழைய யோசனை அது. பலன் தருவதாக உறுதியான ஆதாரம் இல்லை. உங்களுக்கு 35 தாண்டியிருந்தால் அந்த ஆறு மாதமே பெரிய நஷ்டம். பெண்ணின் ரத்தத்தில் பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: விந்தைக் கழுவி எடுத்தால் ஆன்டிபாடி போய்விடுமா? ஸ்டீராய்டு சாப்பிடலாமா?

பதில்: ஒட்டியது எளிதில் கழன்று வராது. ஸ்டீராய்டு சில ஆய்வுகளில் உதவியது, சிலவற்றில் உதவவில்லை. சர்க்கரை ஏறும், அரிதாக இடுப்பு மூட்டு எலும்பே செத்துப்போகும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

ஐயுஐ, அதாவது விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் முறை, செய்தால் சளியைத் தாண்டிவிடலாம். தலையில் நிறைய ஒட்டியிருந்தால் முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துவைக்கும் சாதாரண ஐவிஎஃப்பிலும் கரு உருவாகாமல் போகலாம். அப்போது இக்ஸி. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவதால், மேலே என்ன ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. இந்த முறையில் உண்டான கர்ப்பங்களை பிரஸ்ஸல்ஸ் குழு 1992இல் அறிவித்தது. செலவு அதிகம் என்பதால் எல்லோருக்கும் இதுவே முதல் படி என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: நான் பயோடெக் மாணவி. இதே ஆன்டிபாடியைக் கருத்தடைக்குப் பயன்படுத்த முடியாதா?

பதில்: நல்ல கேள்வி, அந்த முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தையில்லாத ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்த ஆன்டிபாடியை அடிப்படையாக வைத்து, புகையிலை இனச் செடியில் அதைத் தயாரித்து, பெண்ணுறுப்பில் வைக்கும் மெல்லிய படலமாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த முதல் கட்டச் சோதனையில், படலம் வைத்த பிறகு சளியில் முன்னேறி நீந்தும் விந்தணுக்கள் வெகுவாகக் குறைந்தன. கடைக்கு இன்னும் வரவில்லை.