தம்பியின் தனிக்கோப்பை

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் கிளிநொச்சியில் வசிக்கிறேன். வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பிய என் தம்பிக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது சென்ற வருடம் தெரியவந்தது. ஒழுங்காகக் குளிசை எடுக்கிறான், உடம்பும் தேறிவிட்டது. ஆனால் அம்மா அவனுக்குத் தனிக்கோப்பையும் தனிக்குவளையும் ஒதுக்கிவிட்டார். கிணற்று வாளியைத் தொட விடுவதில்லை. அக்கா பிள்ளைகளை அவனருகில் அனுப்புவதில்லை. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி விளங்கப்படுத்தலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் செய்தி தம்பிக்கு உரியது. யாருக்கு, எப்போது சொல்வதென்று அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நல்ல மனத்தோடு நீங்கள் சொன்னாலும் ஊர்வாயில் விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். அவரைப் பிடித்திருப்பது பயம் என்றே எனக்குப் படுகிறது. இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987 இல். வைரசை அடக்கிவைக்கும் கூட்டுமருந்துகள் வந்தது 1996 அளவில். 'உயிர்க்கொல்லி' என்ற பெயரைப் போருக்கு நடுவிலும் கேட்டிருந்த எனக்கு, மருந்து வந்த செய்தி மிகவும் பிந்தியே எட்டியது. இன்று ஒழுங்காகக் குளிசை எடுப்பவரின் இரத்தத்தில் வைரசின் அளவு, பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள், பரிசோதனையில் கண்டறிய முடியாதபடி குறைந்துவிடுகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம்கூட அது துணைக்குத் தொற்றுவதில்லை. குவளையாலோ கிணற்று நீராலோ பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ அது எக்காலத்திலும் தொற்றியதில்லை.

2009 இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தண்ணீர் பவுசருக்காகக் காத்திருந்த வரிசையில், முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் தன் போத்தலை என்னிடம் நீட்டினார்; நான் வாய்வைத்துக் குடித்தேன். உங்கள் அம்மாவும் அப்படியொரு வரிசையில் நின்றிருக்கக்கூடும். இதை அவரிடம் குத்திக்காட்ட வேண்டாம், வாதாடவும் வேண்டாம். தம்பி குடித்துவைத்த குவளையிலேயே உங்களுக்கும் தேநீர் ஊற்றி, அம்மா பார்த்திருக்க, நாள்தோறும் குடியுங்கள். தம்பி சம்மதித்தால் அடுத்த கிளினிக் நாளன்று அம்மாவையும் அக்காவையும் கூட்டிச் செல்லுங்கள். அரச சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். அவர்களுடைய கேள்விகளை அங்குள்ள வைத்தியரிடமே கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் அம்மா செய்தது இருக்கிறது, அக்கா செய்தது இருக்கிறது. தம்பி சொன்ன ஒரு வார்த்தையும் இல்லை. அந்தத் தனிக்கோப்பையில் சாப்பிடும்போது அவருக்கு எப்படியிருக்கிறதென்று இன்று இரவே கேளுங்கள்.