சதுரத் தலை போல்ட்: கழற்றும் முன் சில கேள்விகள்

பழைய மரச் சட்டங்கள், கூரைகள், இரும்பு வேலைப்பாடுகள் ஆகியவற்றைப் பழுது பார்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், சதுரத் தலை போல்ட் பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். பல கேள்விகள் போல்ட்டைக் கழற்றி எறிந்த பிறகு வந்தவை. அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: பழைய கட்டடங்களில் எங்கே பார்த்தாலும் போல்ட்டின் தலை சதுரமாக இருக்கிறதே, ஏன்? அறுகோணத் தலையை விட அது மட்டமா?

மட்டம் இல்லை. கையால் அடித்துச் செய்த காலத்தில் சதுரம்தான் கைக்கு வந்த வடிவம். காய்ச்சிய கம்பியின் நுனியை அடித்துப் பருமனாக்கி, பட்டடைக்கல் மேல் கிடத்தி ஒரு அடி, கால் சுற்று திருப்பி இன்னொரு அடி. கீழே கல், மேலே சம்மட்டி, ஆகவே எதிரெதிர்ப் பக்கங்கள் தாமாகவே இணையாக வந்துவிடும். அறுகோணத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு முறையும் 60 பாகை கண்ணளவில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் தனி அச்சு வேண்டும். இயந்திரங்கள் தலையை வார்த்தெடுப்பது போல அழுத்திச் செய்யத் தொடங்கிய பிறகுதான் அறுகோணம் மலிவாயிற்று.

அறுகோணத்தின் உண்மையான நன்மை இடுக்கான இடத்தில் தெரியும். 60 பாகை திருப்பினால் ஸ்பேனர் அடுத்த முகத்தைப் பிடித்துவிடும், சதுரத்துக்கு 90 பாகை வேண்டும். எஞ்சினுக்குள் இது பெரிய வித்தியாசம். திறந்து கிடக்கும் உத்திரத்தில் இது பொருட்டே இல்லை. அங்கே சதுரத்துக்குத்தான் லாபம்: முகம் அகலமானது, மூலை சீக்கிரம் மழுங்காது. அரை இஞ்ச் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (பட்டறைக் கணக்கில் நாலு நூல்). அமெரிக்க அளவுமுறையில் அதன் தலை முக்கால் இஞ்ச் அகலம். துளையின் பரப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதே அகலமுள்ள அறுகோணத் தலையை விடச் சதுரத் தலை கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிகப் பரப்பில் உட்காருகிறது.

இன்னொன்று, சதுரத் தலையை ஒரு விளிம்போடு ஒட்டி நிறுத்தினால் அது சுழலாது. லேத், மில்லிங் மேஜைகளின் டி வடிவப் பள்ளத்தில் சதுரத் தலை போல்ட்டைச் செருகினால் அடியில் யாரும் பிடிக்கத் தேவையில்லை, மேலே நட்டை மட்டும் இறுக்கலாம். மின்கம்பங்களின் குறுக்குச் சட்டத்தை மாட்டும் போல்ட்டுகளில் இன்றைக்கும் சதுரத் தலையும் சதுர நட்டும் புதிதாகவே தயாராகின்றன.

கேள்வி: ரிங் ஸ்பேனர் போட்டால் வழுக்கி மூலை தேய்கிறது. என்ன போடலாம்?

பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் அறுகோணத்துக்காகச் செய்தது. சதுரத்தில் அது மூலைகளை மட்டும்தான் தொடும். எட்டு மூலை பாக்ஸ் ஸ்பேனர் கிடைத்தால் அதுவே சரி. இல்லையென்றால் வாய் ஸ்பேனர் போதும். ஆனால் கையால் அடித்த தலை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்காது, ஆகவே இரண்டு திசையிலும் அளந்து, இறுக்கமாக உட்காரும் திசையில் போடுங்கள். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுமுறை ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல. பலர் இதில் ஏமாறுகிறார்கள். பைப் ரென்ச் மட்டும் வேண்டாம். அதன் பல் தடம் அந்தத் தலையில் என்றைக்கும் நிற்கும்.

கேள்வி: மிகப் பழைய கூரைச் சட்டம். போல்ட்டுகள் துருவேறி அசையவே இல்லை. அறுத்துத் தள்ளிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் சட்டத்துக்கு முட்டுக் கொடுங்கள். துருப்பிடித்த போல்ட் என்று நாம் நினைப்பது, அந்த நேரத்தில் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டிருக்கலாம். ஒரு இணைப்பில் ஒரே நேரத்தில் ஒரு போல்ட்டுக்கு மேல் தொடாதீர்கள்.

அப்புறம் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். இதை விட்டுவிட்டு நேராக ஸ்பேனரை மாட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உள்ளே நட் இளகினாலும், வெளியே வரும் வழியில் மரைப் பள்ளத்தில் கெட்டியான துருவும் பெயின்ட்டும் அடைத்துக்கொண்டிருந்தால், இரண்டு சுற்றிலேயே மறுபடி சிக்கிக்கொள்ளும். ஒரு கூர்முனையால் பள்ளம் பள்ளமாகச் சுரண்டி எடுங்கள், இரும்பு நிறம் தெரிய வேண்டும். பிறகு துரு இளக்கும் எண்ணெயை நட்டின் ஓரத்தில் விட்டு, நட்டின் பக்கவாட்டில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். மறுநாளும் இதையே செய்யுங்கள்.

திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி அசைத்துப் பாருங்கள். துரு உடைபடும் அந்த 'டிக்' சத்தம் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இழுத்து, நல்ல போல்ட் ஒன்றை நடுவிலேயே முறித்தேன். முறிந்த துண்டை மரத்திலிருந்து எடுக்க ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

இதற்கெல்லாம் மசியாத நட்டைப் பலி கொடுக்கலாம். போல்ட்டுக்கு இணையாக நட்டை மட்டும் ரம்பத்தால் அறுத்து, உளி வைத்துப் பிளந்துவிடுங்கள். நட்டைப் புதிதாகச் செய்துகொள்ளலாம், பழைய போல்ட் பிழைக்கும். நெருப்பால் சூடாக்குவது நல்ல வழிதான், ஆனால் மரத்தின் பக்கத்தில் வேண்டாம். வெடிப்புக்குள் இருக்கும் பழைய தூசி பல மணி நேரம் கனன்று, எல்லோரும் போன பிறகு தீப்பிடிக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தால் அந்தப் புகை நஞ்சு. சுரண்டும்போதும் அதற்கேற்ற முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தலையும் நட்டும் நன்றாக இருக்கின்றன என்பதால் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு மரங்கள் சந்திக்கும் விளிம்பில்தான் ஈரம் தங்கும். அந்த இடத்தில் போல்ட் இடுப்பு சிறுத்துப் போயிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒன்றையாவது முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: போல்ட்டை மாற்றியே ஆக வேண்டிய நிலை. புது போல்ட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மரை. பிரிட்டிஷ் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை. வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் அமெரிக்காவில் முன்வைத்தது 60 பாகை. பல அளவுகளில் இரண்டுக்கும் ஒரு இஞ்சுக்கு மரை எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால், ஒன்றின் நட் இன்னொன்றில் ஏறுவது போலத் தோன்றும். ஏறினாலும் மரைகள் முழுதாக ஒட்டி உட்காராது. அரை இஞ்சில் மட்டும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்: விட்வொர்த்தில் 12, அமெரிக்கப் பெருமரையில் 13. மரை அளவி ஒன்று கையில் இருக்கட்டும்.

அடுத்தது வலிமை. சாதாரணச் சதுரத் தலை போல்ட்டுகள் பெரும்பாலும் ஏஎஸ்டிஎம் ஏ307 என்ற அமெரிக்கத் தரத்தில் வரும். அதன் குறைந்தபட்ச இழுவிசை வலிமை 60,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு), அதாவது சுமார் 414 மெகாபாஸ்கல். மர இணைப்புக்குப் பெரும்பாலும் இது போதும், ஏனென்றால் அங்கே போல்ட் அறுவதற்கு முன் மரம் நசுங்கிவிடும். ஆனால் எஃகுச் சட்டங்களை உயர் வலிமை போல்ட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில், பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று இதைப் போட்டுவிடாதீர்கள். அந்த முடிவைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் எடுக்க வேண்டும்.

பழையது தேனிரும்பா (அடித்துச் செய்த பழைய வகை இரும்பு) எஃகா என்று அறிய ஒரு வழி உண்டு. ஏற்கெனவே உடைந்த துண்டு ஒன்றில் ரம்பத்தால் பாதி ஆழம் வெட்டி, வளைத்து முறியுங்கள். தேனிரும்பு மரம் பிளப்பது போல நார் நாராகக் கிழியும், உள்ளே கசடு இழைகளாக ஓடுவதே காரணம். எஃகில் அந்த நார் தெரியாது. தேனிரும்புக்குப் பதில் மென் எஃகு போடுவது பெரும்பாலும் தவறில்லை. ஆனால் புதியது புதியது என்று தெரிய வேண்டும். மாற்றிய பகுதி முழுமையோடு இசைந்து போக வேண்டும், அதே நேரம் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்று பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. தலையின் ஓரத்தில் ஆண்டைச் சின்னதாகப் பஞ்ச் செய்தால் போதும். தூரத்திலிருந்து கண்ணை உறுத்தாது, அடுத்து ஏணி ஏறுகிறவருக்கு உண்மை தெரியும்.

கேள்வி: அறுகோண போல்ட் மேல் சதுரத் தகட்டை வெல்டிங் செய்து பழையது போலக் காட்டலாமா?

வேண்டாம். பதப்படுத்திய போல்ட்டில் வெல்டிங் சூடு பட்டால் அதன் வலிமை மாறிவிடும், எவ்வளவு மாறியது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சதுரத் தலை போல்ட் இன்றும் கிடைக்கிறது. கிடைக்காத அளவென்றால் நல்ல கொல்லரிடம் அடித்து வாங்குங்கள்.

கேள்வி: ஓக் உத்திரத்தில் புது போல்ட்டைச் சுற்றிக் கருப்புக் கறை. போல்ட் மோசமா, மரம் மோசமா?

இரண்டும் இல்லை, சேர்க்கைதான் காரணம். ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதிய மை இதே இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து உண்டானதுதான். பச்சை ஓக்கில் துருப்பிடிக்காத எஃகு அல்லது சிலிக்கான் வெண்கலம் போடுங்கள். செப்பு உப்பால் பதப்படுத்திய மரத்தில் பூச்சில்லாத இரும்பு வேகமாக அரிக்கும், அங்கே சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டாவது வேண்டும். அதற்கு நட்டும் அதே வகையாக வாங்குங்கள். பூச்சின் தடிப்புக்காக அந்த நட்டின் மரையைச் சற்றுப் பெரிதாகவே வெட்டியிருப்பார்கள், சாதாரண நட் ஏறாது.

துளை போல்ட்டை விட 1/32 முதல் 1/16 இஞ்ச் வரை பெரிதாக இருக்கட்டும். சம்மட்டியால் அடித்து இறக்கினால் மரம் பிளக்கும். தலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், மரத்தில் தலைக்கு அடியிலும் நட்டுக்கு அடியிலும் வாஷர் கட்டாயம், சதுரத் தகடு வாஷர் என்றால் இன்னும் நல்லது. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், ஆறு மாதம் கழித்து விரலாலேயே நட்டைச் சுற்றலாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பருவம் மாறும்போதெல்லாம் போய் இறுக்கிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கேரேஜ் போல்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. கேரேஜ் போல்ட்டின் தலை வழவழப்பான குமிழ், அதன் கழுத்துதான் சதுரம். அந்தக் கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்வதால் தலை சுழலாது. வெளிப்பக்கத்திலிருந்து யாரும் கழற்றக் கூடாத கதவுக்கு அது ஏற்றது.

கேள்வி: கல் தூணில் பதித்த இரும்பு போல்ட்டைச் சுற்றிக் கல் வெடித்திருக்கிறது. சிமென்ட் பூசினால் போதுமா?

போதாது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது, கல்லுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. இதற்குப் பெரிய பாடம் ஏதென்ஸின் பார்த்தெனான் என்ற பளிங்குக் கோயில். அதைக் கட்டிய பழங்காலத்தவர் இரும்புக் கொக்கிகளைச் சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் தலைமையில் நடந்த சீரமைப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இரும்பைப் பதித்தார்கள். அது துருவேறிப் பளிங்கையே பிளந்தது. பிற்காலத்தில் அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டேனியம் வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் தூணிலும் இரும்பை வெளியே எடுத்தாக வேண்டும். துளையைச் சுற்றிலும் சிறு துளைகளாக இட்டு மெதுவாக விடுவியுங்கள், பிறகு துருப்பிடிக்காத எஃகைப் பதியுங்கள். தலையைச் சதுரமாகவே செய்து வாங்கலாம், தோற்றம் கெடாது.

கேள்வி: கழற்றிய பழைய போல்ட்டுகள் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. வைத்திருப்பதா, போடுவதா?

வாளியில் கொட்டியதே தவறு, ஆனாலும் போடாதீர்கள். பொதுவான அளவுமுறை பரவும் முன் ஒவ்வொரு நட்டும் அதனதன் போல்ட்டுக்காகவே மரை வெட்டியது. பக்கத்துப் போல்ட்டில் ஏறாமல் போகலாம். பொறுமையாக உட்கார்ந்து ஜோடி சேருங்கள். கம்பி பிரஷால் தேய்த்து, எண்ணெய் தடவி, எந்தத் துளையிலிருந்து வந்தது என்று தெரிந்தவற்றுக்கு எண் எழுதிய தகடு கட்டுங்கள். இனிமேல் கழற்றும் ஒவ்வொன்றிலும், போல்ட் வெளியே வந்த அந்த நிமிடமே அதன் நட்டை அதிலேயே இரண்டு சுற்று ஏற்றி வையுங்கள்.