‘போதும்’ என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்

கேள்வி: சின்னதாக ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறேன். 3 முதல் 5 வயது வரை 34 பிள்ளைகள். அவர்களில் நான்கைந்து பேர் வயதுக்கு மீறிய உடம்போடு இருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தையை மற்ற பிள்ளைகள் ‘குண்டு’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. ஸ்நாக்ஸ் வீட்டிலிருந்து வருகிறது. பெரும்பாலும் பிஸ்கட்டும் பெட்டி ஜூஸும்தான். விளையாட இரண்டு வகுப்பறைகளும் பின்னால் ஒரு சிறிய முற்றமும் மட்டுமே இருக்கின்றன. அந்த நான்கைந்து பேருக்கு மட்டும் சாப்பாட்டைக் குறைக்கலாமா? பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: குறைக்க வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பக்கத்துத் தட்டில் இருப்பது தன் தட்டில் இல்லை என்பதை நான்கு வயதுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு அதன் கண் முழுக்க அந்தப் பண்டத்தின் மேல்தான். தடுத்து வைத்த தின்பண்டத்தைப் பிள்ளைகள் இன்னும் ஆசையாகத் தேடுவதை மழலையர் பள்ளிகளிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அதோடு, இந்த வயதில் எடையைக் குறைப்பது பெரும்பாலும் நம் இலக்கே இல்லை. 3 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் பிள்ளை ஆண்டுக்கு ஏறக்குறைய 6, 7 சென்டிமீட்டர் வளர்கிறது. எடை ஏறும் வேகம் மட்டுப்பட்டாலே போதும், உயரம் வந்து சரிசெய்துவிடும்.

அடுத்து, கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்கும் வரைபடம் இருக்கிறது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதில் நடுக்கோட்டுக்கு மேலே உள்ள +2 கோட்டைத் தாண்டினால் அதிக எடை, +3-ஐத் தாண்டினால் உடல்பருமன். நீங்கள் நினைக்கும் ஐந்து பேரில் இரண்டு பேர் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கலாம். நீங்கள் கவனிக்காத ஒருவர் வெளியே இருக்கலாம்.

இங்கே பெற்றோர் அடிக்கடி தடுமாறும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வயதில் கொழுகொழுவென்று இருந்த குழந்தை அப்புறம் மெல்ல மெல்ல இளைக்கும். உயரத்தோடு ஒப்பிட்ட எடை ஏறத்தாழ 5, 6 வயதில்தான் மிகக் குறைவாக இருக்கும். அதன் பிறகு திரும்ப ஏறும். இது இயற்கை. அந்த ஏற்றம் 3, 4 வயதிலேயே தொடங்கிவிட்டால், பிற்காலத்தில் உடல்பருமன் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? இயல்பாக இளைக்கும் பிள்ளையைப் பார்த்து ‘உருகிப் போய்விட்டானே’ என்று பயந்து, கூட இரண்டு வாய் திணிக்கிறார்கள். அதுவும் சரியாக இந்த வயதில்தான்.

திணிப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்பீர்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ், லீன் பர்ச் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. ஒரே உணவைச் சின்ன அளவு, நடுத்தர அளவு, பெரிய அளவு என்று வெவ்வேறு நாட்களில் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். 3 வயதுப் பிள்ளைகள் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் சாப்பிட்டார்கள். 5 வயதுப் பிள்ளைகளோ தட்டில் கூடுதலாக இருந்தால் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், இதைவிடச் சின்ன வயதிலும் பெரிய பரிமாறல் வேலை செய்வது தெரிந்தது. ஆக, வயிறு சொல்வதைக் கேட்டுச் சாப்பிடும் குழந்தை, தட்டு சொல்வதைக் கேட்கப் பழகிக்கொள்வது உங்கள் பள்ளியில் இருக்கும் இந்த வருடங்களில்தான். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கும் பதிலின் மையம் இதுதான்: பிள்ளைக்கு இருக்கும் அந்த ‘போதும்’ உணர்வைப் பள்ளி அழித்துவிடக் கூடாது.

ஒரு பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு வயதுப் பையன். பாதித் தட்டு முடிந்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, உடம்பைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தான். அவனுக்குப் போதும். உதவியாளர் அன்பானவர், பிள்ளைகள் அவர் மடியை விட்டு இறங்க மாட்டார்கள். ‘இன்னும் நாலே வாய் கண்ணா, முடிச்சா வெளியே போய் விளையாடலாம்’ என்றார். அவன் கதவைப் பார்த்துக்கொண்டே நாலு வாயையும் விழுங்கினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட வேண்டும் என்பதும், விளையாட்டு சாப்பாட்டுக்குக் கிடைக்கும் கூலி என்பதும் அவன் மனதில் பதிந்துவிட்டது. இது தினமும் நடக்கிறது, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு பங்கீடு எனக்கு மிகவும் பிடிக்கும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் கையில். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் கையில். இரண்டு பக்கமும் எல்லை தாண்டக் கூடாது. பிள்ளை கேட்கிறதே என்று நேரம் கெட்ட நேரத்தில் பிஸ்கட் கொடுப்பது நம் பொறுப்பிலிருந்து நழுவுவது. தட்டைக் காலி பண்ணச் சொல்வது பிள்ளையின் பொறுப்பைப் பறிப்பது.

இதை நாளைக்கே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். பெரிய தட்டில் நிறைத்துக் கொடுக்காமல், மேசை நடுவில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் உணவை வைத்து, சின்னக் கரண்டியால் பிள்ளைகளே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். முதல் வாரம் மேசையெல்லாம் சிந்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் பரிமாற வேண்டும் என்றால், ஒவ்வொரு பதார்த்தத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று தொடங்கினால் போதும். மூன்று வயதுக்கு மூன்று கரண்டி. கேட்டால் மறுபடி போடுங்கள், உடம்பு பெருத்த பிள்ளை கேட்டாலும்தான். உதவியாளர்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றச் சொல்லுங்கள்: ‘முடிச்சிடு’ என்பதற்குப் பதில் ‘வயிறு என்ன சொல்லுது?’ என்று கேட்கட்டும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். பாதி காய்கறியும் பழமும், மீதியில் தானியமும் புரதமும். கொழுப்பே இல்லாத உணவாக மாற்ற வேண்டியதில்லை, வளரும் மூளைக்குக் கொழுப்பு தேவை. காய்கறியைத் தொடவே மாட்டேன் என்கிற பிள்ளையிடம் சண்டை போடாதீர்கள். புதிய சுவை பழகுவதற்கு 8 முதல் 15 தடவை வரைகூட வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும், பெரும்பாலோர் மூன்றாவது தடவையிலேயே விட்டுவிடுகிறோம். ‘இதைச் சாப்பிட்டால் சாக்லேட்’ என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் அது போய்ச் சேரும். நீங்களும் அதே மேசையில் உட்கார்ந்து அதே காயைச் சாப்பிடுங்கள். பத்து அறிவுரையை விட அது நன்றாக வேலை செய்யும்.

சரி, பெட்டி ஜூஸுக்கு வருவோம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பெட்டியை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 200 மில்லி பெட்டியில் 20 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தால் ஐந்து டீஸ்பூன். சேர்க்கும் சர்க்கரையும், தேனிலும் ஜூஸிலும் இருக்கும் சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரு நாளைக்கு 1,300 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 16 கிராம். ஒரே பெட்டியில் அது தாண்டிவிட்டது. ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று எழுதியிருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் வகுத்த வரம்பு 1 முதல் 3 வயதுக்கு நாளொன்றுக்கு 120 மில்லி, 4 முதல் 6 வயதுக்கு 120 முதல் 180 மில்லி. அதுவும் அதிகபட்சம்தான், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பள்ளிக்குள் தண்ணீரும் இனிப்பில்லாத பாலும் மட்டும் என்று முடிவெடுங்கள். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் தண்ணீர்க் குவளைகளை வையுங்கள். கேட்காமலே எடுத்துக் குடிக்க முடிந்தால் பிள்ளைகள் நிறையக் குடிப்பார்கள்.

முடிந்தால் ஸ்நாக்ஸையும் பள்ளியே கொடுத்துவிடுங்கள். நறுக்கிய பழம், வெள்ளரி, முட்டை என்று எளிமையாகப் போதும். முழுத் திராட்சையும் முழுக் கொட்டைப் பருப்புகளும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

முற்றம் சின்னது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். 3, 4 வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதும் சேர்த்து குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த வயதுப் பிள்ளைகள் தொடர்ந்து அரை மணி நேரம் ஓடுவதே இல்லை. ஓடுவார்கள், நிற்பார்கள், எறும்பைப் பார்ப்பார்கள், மறுபடி ஓடுவார்கள். அதனால் 34 பேரையும் ஒரே நேரத்தில் முற்றத்துக்கு அனுப்பாமல், பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, 15 நிமிடம் வீதம் நாளுக்கு நான்கு முறை அனுப்புங்கள். நடுநடுவே வகுப்புக்குள்ளும் பாட்டுக்கு ஆடலாம், விலங்கு மாதிரி நடக்கலாம். ஏறி இறங்கும் பெரிய பொருட்களை விட, கையில் எடுத்து ஓடக்கூடிய பந்து, வளையம், கயிறு போன்றவை சின்ன இடத்துக்கு நன்றாக உதவும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டால் அதுவே தாண்டும் ஆறாகிவிடும்.

ஒன்றைக் கட்டாயம் மாற்றுங்கள். ‘அவுட் ஆனவர் உட்கார வேண்டும்’ என்கிற விளையாட்டுகளில் முதலில் உட்காருவது யார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். மெதுவாக ஓடும் பிள்ளைதான். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்க்கிறது. அவுட் ஆனால் ஐந்து முறை குதித்துவிட்டு உள்ளே வரலாம் என்று விதியை மாற்றுங்கள். குறும்பு செய்ததற்காக விளையாட்டு நேரத்தைப் பறிப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

டிவி, போன் என்று திரை பார்க்கும் நேரம் இந்த வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வீட்டிலேயே அது தீர்ந்துவிடுவதால், பள்ளியில் திரையே வேண்டாம். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறையும் பிள்ளைக்கு எடை கூடும் வாய்ப்பும் அதிகம் என்பதால் இதைப் பெற்றோரிடம் சொல்லிவையுங்கள்.

‘குண்டு’ என்று கூப்பிடப்படும் அந்தப் பெண் குழந்தை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். அவளை எதற்காகவும் தனியாகப் பிரிக்காதீர்கள். எல்லோர் முன்னாலும் எடை பார்க்காதீர்கள். ‘நம் வகுப்பில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்’ என்பதைப் பொதுவான விதியாக்கி, ஒவ்வொரு முறையும் அமைதியாகத் திருத்துங்கள். ‘எவ்வளவு ஒல்லியா அழகா இருக்கே’ என்று பெரியவர்கள் இன்னொரு பிள்ளையைக் கொஞ்சுவதும் அதே காயத்தைத்தான் செய்யும்.

பெற்றோரிடம் பேசுவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூஸ் கிடையாது, பிறந்தநாளுக்குத் தின்பண்டத்துக்குப் பதில் பிள்ளை தேர்ந்தெடுக்கும் விளையாட்டு என்பவை 34 வீட்டுக்கும் ஒரே கடிதமாகப் போகட்டும். ஒல்லியான பிள்ளைக்கும் இதே ஏற்பாடுதான் நல்லது என்பதால் யாரையும் சுட்டியதாக ஆகாது. அட்டவணையில் கோட்டைத் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோரை மட்டும், பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது தனியாகச் சந்தியுங்கள். ‘வளர்ச்சி அட்டவணையில் எடை கொஞ்சம் வேகமாக ஏறுகிறது, ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், பள்ளியில் நாங்கள் இதைச் செய்கிறோம்’ என்று அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், யாரும் குற்றவாளியாக உணர மாட்டார்கள். எடை +3 கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, கழுத்து மடிப்பில் தோல் கறுத்துத் தடித்திருந்தாலோ, நடையில் நொண்டல் தெரிந்தாலோ, எடை ஏறியும் உயரம் ஏறாமல் நின்றுவிட்டாலோ தள்ளிப்போடாமல் அனுப்புங்கள்.

மூன்று மாதம் கழித்து எல்லோருக்கும் உயரமும் எடையும் மறுபடி எடுங்கள். கோட்டைத் தாண்டியிருந்த பிள்ளைகளில் யாருக்காவது எடை அப்படியே நின்று உயரம் ஏறியிருந்தால், அன்றைக்கே அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.